வயிற்றில் கட்டி வந்த அரிசி

குருவம்மாளுக்குப் பிள்ளை இல்லை. ஆனால் எட்டு வருஷமாக வாரத்துக்கு இரண்டு தடவை அவள் கர்ப்பமானாள். விடியலில் கம்பத்து ரைஸ்மில் பின்கட்டில் கரு தரிக்கும். மலையேறும்போது எட்டு மாதம் முற்றியிருக்கும். வெயில் சாய்வதற்குள் சக்குபள்ளத்து ஏலத்தோட்ட லயத்தில் பிரசவம் ஆகிவிடும். பிறந்தது அத்தனையும் அரிசி.

இதைக் கடத்தல் என்று யாராவது சொன்னால் அவளுக்குப் பொத்துக்கொண்டு வரும். தங்கம் கடத்துகிறவன் காரில் போகிறான், அவனுக்கு சல்யூட் அடிக்கிறார்கள். பசித்த வாய்க்கு ஆறு படி அரிசி கொண்டுபோகிறவள் திருடியா என்று கேட்பாள். அன்றைய சட்டம் அப்படித்தான் இருந்தது. தமிழ்நாட்டு அரிசி பெர்மிட் இல்லாமல் கேரளத்துக்குள் போகக்கூடாது. மலைக்குக் கீழே நெல் அம்பாரம் அம்பாரமாய்க் கிடக்கும். மலைக்கு மேலே ஏலக்காய் பறிக்கிறவர்கள் ரேஷன் அரிசியை ஒரு வாரத்தில் பொங்கித் தின்றுவிட்டு, மிச்ச நாளெல்லாம் மரவள்ளிக்கிழங்கும் பால் இல்லாத கட்டங்காப்பியுமாக வயிறு உப்பிப்போய்க் கிடப்பார்கள். இரண்டுக்கும் நடுவே, ஒற்றையடிப் பாதை குறுகுகிற ஆட்டுப்பாறையில், ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு வீரபாண்டி நிற்பான்.

வீரபாண்டி சர்க்கார் காவலாள். பெரிய மீசை, அதற்குப் பொருத்தமில்லாத சின்ன முகம். குருவம்மாள் மூச்சு வாங்க ஏறி வருவதைப் பார்த்ததும் கேட்பான்:

"என்ன குருவம்மா, எத்தனை மாசம்?"

"எட்டுங்கய்யா."

"செவ்வாக்கெழம ஒம்போதுன்னு சொன்னே?"

"அது மூத்ததுய்யா. இது எளையது."

அவன் மீசைக்குள்ளே சிரித்துக்கொண்டு பள்ளத்தாக்கைப் பார்க்கத் திரும்பிவிடுவான். அவன் திரும்பியிருக்கிற நேரத்தில் அவள் பாறையைத் தாண்டிவிட வேண்டும். அதுதான் அவர்களுக்குள் இருந்த ஒப்பந்தம். யாரும் பேசி வைத்ததில்லை.

மேலதிகாரி வந்து நிற்கிற நாளில் மட்டும் கதை வேறு. அன்றைக்கு வீரபாண்டி தொண்டை கிழியக் கத்துவான். "எவடி அவ, அங்கிட்டே நில்லு!" என்று அவன் போடுகிற சத்தம் அரை மைல் கீழே கேட்கும். அரிசி சுமந்து வருகிற பெண்கள் மூட்டையோடு புதருக்குள் பாய்ந்துவிடுவார்கள். ஒரே ஒரு தடவை, காற்று எதிர்ப்பக்கம் அடித்ததால், அந்தச் சத்தம் குருவம்மாள் காதில் விழவில்லை. நேராகப் போய் அதிகாரி முன்னால் நின்றுவிட்டாள். அவர் சொன்னதன்பேரில் வீரபாண்டி அரிவாள் நுனியால் துணிப்பையைக் கீறினான். பாறை முழுக்க அரிசி சிதறியது. அவள் அழுதது அரிசி போனதற்காக அல்ல, அதை அந்த அதிகாரி பூட்ஸ் காலால் மிதித்ததற்காக. அதற்கப்புறம் இரண்டு வாரம் வீரபாண்டி அவளிடம் மாதம் கேட்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றான். மூன்றாம் வாரம் அவளாகவே, "ஆறு மாசம்ய்யா" என்று சொன்ன பிறகுதான் அவனுக்கு முகம் தெளிந்தது.

தோட்டத்துக் கூலிக்காரர்களின் வரிசை வீடான லயத்தில் எட்டு அறை. ஐந்தாம் அறை அவளுடையது. அவள் புருஷன் நிழல்மரத்தில் கிளை கழிக்க ஏறி, விழுந்து செத்தான். தோட்டத்துப் பதிவேட்டில் அவன் பெயர்தான் இருந்தது, அவள் பெயர் இல்லை. வேலை செய்யாதவளுக்கு அறை கிடையாது என்பது சட்டம். கீழே கூடலூரில் தம்பி வீடு இருந்தது. அங்கே போனால் தம்பி பெண்டாட்டிக்குச் சாணி தட்டிக் காலம் கழிக்க வேண்டும். அப்போதுதான் நாலாம் அறைச் சந்தனத்துக்கு அந்த யோசனை வந்தது.

சந்தனம் வாயாடி. உண்மையைச் சொல்வதென்றால்தான் அவளுக்கு நாக்குக் குழறும். பொய் என்றால் தண்ணீர் பட்ட பாடு. தோட்டத்து விதிப்படி ஒரு குடும்பத்தில் ஆறு பேர் இருந்தால் இரண்டு அறை கொடுப்பார்கள். அவள், அவள் புருஷன் ராக்கப்பன், பிள்ளைகள் மூன்று, ஆக ஐந்து பேர். வருஷா வருஷம் தலை எண்ண வருகிற தோட்டத்துக் கணக்கர், ரைட்டர் யாக்கோபுவிடம் சந்தனம், "ஆறு பேரு சார். எங்க வீட்டுக்காரருக்கு அக்கா ஒண்ணு கூட இருக்காக" என்று அடித்துவிட்டாள். யாக்கோபு கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ஐந்தாம் அறை வாசலில் நின்ற குருவம்மாளைப் பார்த்தார். எலும்பும் தோலுமாக ராக்கப்பன். கருகருவென்று வாட்டசாட்டமாக அக்கா. ஒரு வயிற்றில் பிறந்தது என்று குருடன்கூட நம்பமாட்டான். யாக்கோபு நம்பினார். ஆறு என்று எழுதினார். அவர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் சோறு பிடிக்கும்.

அன்றிலிருந்து ராக்கப்பன் அவளை "அக்கா" என்றான். சந்தனம் "மதினி" என்றாள். முதலில் ரைட்டர் காதில் விழுவதற்காகச் சொன்னது. எப்போது அது நிஜமானது என்று கேட்டால் மூவருக்குமே தெரியாது.

அவள் வந்து சேரும் பொழுதுதான் லயத்துக்குத் திருவிழா. பறிப்பு முடிந்து வந்த பெண்கள், விரல் நகத்தில் ஏலக்காய்க் கறையோடு, ஐந்தாம் அறைக்குள் நெருக்கியடித்து உட்காருவார்கள். கதவைச் சாத்திக்கொண்டு குருவம்மாள் வயிற்றுக்கட்டை அவிழ்ப்பாள். "பொம்பளப் பிள்ளையா, ஆம்பளப் பிள்ளையா?" என்று ஒருத்தி கேட்பாள். ஒரு சிரிப்பு எழும்பும், உடனே நாலு கை அந்த வாயைப் பொத்தும். முறத்தில் கொட்டிய அரிசியில் கை வைத்து, "இன்னும் உன் சூடு இருக்கு மதினி" என்பாள் சந்தனம்.

முதல் படி யாருக்கு என்பதில் சண்டையே கிடையாது. பிள்ளை பெற்றவள் இருந்தால் அவளுக்கு. இல்லாவிட்டால் காய்ச்சலில் கிடக்கிறவர்களுக்கு. அதற்கப்புறம்தான் மற்றவர்கள் மடியை விரிப்பார்கள். எந்த வீட்டுக் கிழவனுக்குப் பல் இல்லை, எவளுக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது, எந்த வீட்டில் நாளைக்கு விருந்தாடி என்பதெல்லாம் குருவம்மாளுக்கு அத்துப்படி. கல் பொறுக்கிக்கொண்டே ஊர்க்கதை முழுக்க ஓடும். எட்டு வீட்டுச் சோறும் ஒரே முறத்திலிருந்து பிரிந்து போன காலம் அது. பயமும் பசியும் நிறைந்த காலம்தான். ஆனாலும் அப்படி ஒரு சிரிப்பைக் குருவம்மாள் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்கவில்லை.

எழுபதாம் வருஷத்து ஆடியை யாரும் மறக்கமாட்டார்கள். மழை பிடித்தது பிடித்ததுதான். ரேஷன் கடைக்கு லாரி வரவில்லை. கிழங்கும் தோண்ட முடியாமல் அழுகியது. சந்தனத்தின் மூன்றாவது அப்போது கைப்பிள்ளை, அவளுக்கு மாரில் பால் இல்லை. குருவம்மாள் அரிசியோடு ஏறி வருகையில் பாதை சரிந்துபோய், ஒரு பாறை இடுக்கில் இரண்டு பகல் அடைபட்டுக் கிடந்தாள். வயிற்றுக்கு வெளியே ஆறு படி அரிசி, உள்ளே ஒன்றுமில்லை. ஒரு கைப்பிடி எடுத்து மென்றாள். அடுத்த கைப்பிடிக்கு விரல் போனபோது சந்தனத்தின் வற்றிய மார் நினைவுக்கு வர, கையை இழுத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் முழங்காலால் தவழ்ந்து லயத்துக்கு வந்து சேர்ந்தாள். அந்தக் கஞ்சியைக் குடித்துத்தான் சந்தனத்துக்குப் பால் ஊறியது.

எழுபத்தேழு புரட்டாசியில் ரேடியோ சொன்னது: டெல்லியில் புதிதாக வந்த அரசாங்கம் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டது. இனி அரிசியை யாரும் எங்கிருந்தும் எங்கும் கொண்டுபோகலாம்.

கம்பத்து மில்லில் மற்ற பெண்கள் குதித்தார்கள். குருவம்மாள் நம்பவில்லை. "இது பொறி வைக்கிற வேல. நம்மள ரோட்டுக்கு வரவச்சு மொத்தமா அமுக்குவாங்க" என்று சொல்லிவிட்டு, வழக்கம்போல வயிற்றைக் கட்டிக்கொண்டு பழைய பாதையிலேயே ஏறினாள்.

ஆட்டுப்பாறைக்கு வந்து பார்த்தால் வீரபாண்டி இல்லை.

எட்டு வருஷத்தில் அவன் இல்லாமல் அந்தப் பாறையை அவள் பார்த்ததே இல்லை. கண்ணெதிரே நிற்கிற காவல்காரனுக்குப் பயமில்லை. அவன் எங்கே என்று தெரியும். கண்ணுக்குத் தெரியாதவன் எங்கே வேண்டுமானாலும் இருப்பான். புதருக்குள் பதுங்கி உட்கார்ந்துவிட்டாள். அவன் எந்தப் பக்கமிருந்து முளைப்பான் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். வெயில் ஏறியது, உச்சிக்கு வந்தது, சரிந்தது. மேலே மேட்டு ரோட்டில் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக முனகிக்கொண்டு போயின. ஒரு தடவை பொறுக்கமாட்டாமல் அவளே, "ஐயா, எட்டு மாசம்ய்யா!" என்று கூவிக்கூடப் பார்த்தாள். ஒரு குரங்குதான் திரும்பிப் பார்த்தது.

சக்குபள்ளத்துக்கு அவள் வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. முள் கிழித்த காலோடு கடைவீதி வளைவில் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். மளிகைக்கடை வாசலில் மூட்டை மூட்டையாக அரிசி. ஒரு மூட்டையின் வாயைச் சுருட்டிவிட்டு, வெள்ளைவெளேர் என்று கோபுரமாகக் குவித்து வைத்திருந்தான் கடைக்காரன். மலைக்கு மேலே அரிசியை எல்லோர் கண்ணிலும் படும்படி, ரோட்டோரத்தில், மூடாமல் அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. யாராவது பார்த்துவிடப்போகிறார்கள், எதையாவது போட்டு மூடுங்களேன் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. லயத்துப் பெண்கள் எல்லோரும் பையோடு அங்கேதான் நின்றார்கள். முதலில் அவள் வயிற்றைப் பார்த்தவர்கள் சிரித்தார்கள்.

"எத்தே, இன்னுமா கட்டிக்கிட்டுத் திரியுற? ரேடியோவுல சொல்லிட்டாகளே!"

சந்தனமும் சிரிக்கத்தான் வாயெடுத்தாள். மதினியின் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

அன்றைக்கு ஐந்தாம் அறைக்குள் யாரும் வரவில்லை. குருவம்மாள் தானே கட்டை அவிழ்த்து, தானே கல் பொறுக்கினாள். மற்ற ஏழு அறையிலும் சோறு கொதிக்கிற வாசனை ஒரே நேரத்தில் எழுந்தது. பிள்ளைகள் இரண்டாம் தரம் கேட்டு வாங்கித் தின்கிற சத்தம் சுவரைத் தாண்டிக் கேட்டது. நல்லதுதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எத்தனை நாள் இதற்காகச் சாமியைக் கும்பிட்டிருக்கிறாள்! ஊரெல்லாம் வயிறாரத் தின்கிற நாளில் தனக்கு மட்டும் அழுகை வருகிறதே, நான் என்ன பிறவி என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அந்தச் சுமையிலிருந்து ஒரு படிகூட யாரும் கேட்கவில்லை. அதையே அவள் பொங்கித் தின்று நாளைக் கழித்தாள். கங்காணி பெரியமுத்துவிடம் போய்ப் பதிவேட்டில் பெயர் சேர்க்கச் சொல்லிக் கேட்டாள். அவர் நல்ல மனுஷன்தான். அவள் முழங்காலைப் பார்த்தார். மலை ஏறி ஏறி இரண்டும் பானை மாதிரி வீங்கியிருந்தன. "இந்த முட்டிய வச்சுக்கிட்டு நாளெல்லாம் குந்தியிருந்து காய் பறிக்க முடியுமாத்தா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வெற்றிலையைத் துப்பப் போய்விட்டார்.

லயத்தில் யாரும் அவளை வெறுத்துவிடவில்லை. எதிரில் வந்தால் சிரித்தார்கள். பொழுது சாய்ந்தால் அவரவர் கதவை அவரவர் சாத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான். இப்போது ஒளிக்க ஒன்றுமில்லை. ஒளிக்க ஒன்றுமில்லாதபோது ஒரே அறையில் கூடி உட்காருவதற்கும் ஒன்றுமில்லாமல் போயிற்று. எந்த வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்பது அடுத்த வீட்டுக்கு இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

நாலாம் அறைக்கும் ஐந்தாம் அறைக்கும் நடுவில் இருந்தது பலகைச் சுவர். சந்தனத்தின் மூத்த மகள் ஒச்சம்மாளுக்கு மாப்பிள்ளை பார்த்திருந்த விஷயம் குருவம்மாளுக்கு அந்தச் சுவர் வழியாகத்தான் வந்தது. பையன் புதிதாகத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தவன். கட்டிக்கொள்ளச் சம்மதம், ஆனால் லயத்தில் அறை கிடைத்தால்தான். இல்லாவிட்டால் பையனைப் பள்ளிவாசல் என்கிற ஊர்ப்பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்கே திரும்பக் கூட்டிப்போய், அங்கேயே ஒரு பெண்ணைப் பார்த்துவிடுவதாக அவன் ஆத்தாள் சொல்லியிருந்தாள்.

"எட்டு ரூமுல எந்த ரூமு காலியாக் கெடக்கு?" என்று ராக்கப்பன் தாழ்ந்த குரலில் கேட்டான்.

சந்தனத்தின் குரல் வந்தது. "அந்தப் பேச்ச எடுத்தீகன்னா ஒலக்கையாலயே போடுவேன். அவுக உசுரக் குடுத்து வளத்த பிள்ளதான் நம்ம கடைக்குட்டி. வேற மாப்பிள வராமயா போயிருவான்?"

ஒச்சம்மாள் விசும்பினாள். அவளுக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது. வேறு மாப்பிள்ளை வேண்டியிருக்கவில்லை.

ஐப்பசி பிறந்ததும் யாக்கோபு தலை எண்ண வந்தார். கூட புதிதாக வந்த சின்ன சூப்பர்வைசர் ஒருவர், கையில் அட்டை, அதில் சொருகிய பேனா. இந்தத் தடவை ஒவ்வொரு வாசலிலும் ஆட்களை வெளியே வரச் சொல்லி, விரலால் எண்ணினார்கள். லயத்து வேலிப்பக்கம் மாப்பிள்ளைப் பையன் நின்றுகொண்டிருந்தான். எந்த அறை காலியானாலும் அவனுக்குத்தான் என்று யாக்கோபு சொல்லிவைத்திருந்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று வாசல்கள் தாண்டி வருகிற காலடியை உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள் குருவம்மாள். வெளியே வந்து நிலைப்படியில் நின்றாள்.

"இவிடெ எத்ர பேரு?" என்று சூப்பர்வைசர் நாலாம் வாசலில் கேட்டார்.

ஒச்சம்மாள் தலையைக் குனிந்துகொண்டு கட்டைவிரலால் தரையைக் கீறினாள். ராக்கப்பன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். சந்தனம் மகளைப் பார்க்கவில்லை, வேலிப்பக்கமும் பார்க்கவில்லை. யாக்கோபுவின் கண்ணாடியை நேராகப் பார்த்து, எப்போதும் சொல்கிற அதே குரலில் சொன்னாள்.

"ஆறு பேரு சார். எங்க வீட்டுக்காரருக்கு அக்கா ஒண்ணு கூட இருக்காக."

பேனா அட்டையில் இறங்கப்போனது.

"அவ சொல்றது பொய்யிங்க" என்றாள் குருவம்மாள்.

எல்லோரும் திரும்பினார்கள். எட்டு வருஷம் ஒரு முழு லயமும் கூடிக் காப்பாற்றிய பொய் அது. அதை உடைக்கும்போது அவள் குரல் நடுங்கவே இல்லை. "அவுக வீட்டுல அஞ்சு பேருதான். நான் யாருக்கும் அக்கா இல்ல. கீழ கூடலூருக்காரி. அரிசி கொண்டாந்து குடுக்க வந்தவ. இப்பத்தான் எல்லாரு வீட்டுலயும் அரிசி இருக்கே, ஊருக்குப் போகணும்."

யாக்கோபு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். சூப்பர்வைசர் ஐந்து என்று எழுதிக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போனார்.

சந்தனம் பாய்ந்து வந்தாள். "யாரக் கேட்டுச் சொன்னே? என்னையப் பொய்க்காரியாக்கிட்டேல்ல? நல்லாயிருப்பியா நீ? கூடலூருல யாருடி உனக்கு இருக்கா?" என்று குருவம்மாளின் தோளைப் பிடித்து உலுக்கினாள். மதினியைப் பேர்சொல்லிக்கூடக் கூப்பிடாதவள் வாடி போடி என்று ஏசினாள். ஏசிக்கொண்டே அழுதாள். குருவம்மாள் அவள் கையை விலக்கவில்லை.

கட்டுவதற்கு ஒன்றும் பெரிதாக இல்லை. இரண்டு சேலை, ஒரு தூக்குச்சட்டி, புருஷனின் கம்பளி. மூட்டையோடு வெளியே வந்தவளை வாசலில் மறித்து உட்காரவைத்தாள் சந்தனம். முன்னால் தட்டை வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சோற்றை அள்ளிப் போட்டு, புளிக்குழம்பை ஊற்றினாள். "தின்னுட்டுப் போ" என்றாள்.

குருவம்மாள் ஒரு வாய் வைத்துப் பார்த்தாள். நல்ல அரிசி, கம்பத்து அரிசியேதான். கடையிலிருந்து வந்தது. ராக்கப்பன் பையில் தொங்கவிட்டுக்கொண்டு, வழியில் நாலு பேரிடம் பேசிக்கொண்டே வாங்கிவந்தது. இந்த எட்டு வருஷத்தில் அந்த லயத்தில் தான் சுமக்காத சோற்றை அவள் தின்றது அன்றைக்குத்தான்.

"இன்னும் கொஞ்சம் போடட்டா மதினி?" என்று கேட்டாள் சந்தனம்.

போடு என்று குருவம்மாள் தட்டை நீட்டினாள்.